நாற்பத்தொரு போன்களில் முசுடு

“‘முசுடு’ன்னு நாப்பத்தொரு பேரு போன்ல உங்களை வச்சிருக்காங்க அண்ணாச்சி. ‘முசுட்டுக் கடை’ன்னு ஆறு பேரு. ரெண்டையும் ஒண்ணாச் சேத்துக்கலாம்.”

“எவன் வச்சது? ஆளைச் சொல்லு.”

“சொல்லக் கூடாது. சொன்னா என் உரிமம் போயிடும்.”

“சரி, மேல படி.”

“‘எடுக்காதே’ பத்தொம்பது. ‘எடுக்காதே ரெண்டு’ன்னு ஒண்ணு, அவங்களுக்கு முதல் ஆள் வேற யாரோ. ‘போனஸ் தராதவர்’ பதினாலு. ‘கத்தல்’ எட்டு. ‘பேய்’ ஒண்ணு. மிச்சம் பாதிப் பேரு வெறுமன ‘நயினார் ஜவுளி’ன்னு வச்சிருக்காங்க. அதுல நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல.”

“நல்லதா ஒண்ணு கூடவா இல்ல?”

செண்பகவல்லி திரையை மேலே தள்ளினாள். தெரிந்த விடையைத் தேடுவது போல விரலை மெதுவாக நகர்த்த அவளுக்கு நன்றாக வரும்.

“‘முதலாளி’ன்னு ஒண்ணு இருக்கு.”

“முதலாளியா? இந்த ஊர்ல நம்மள எல்லாரும் அண்ணாச்சின்னுதான சொல்லுதாங்க. யாரு அது?”

“அதையும் சொல்லக் கூடாது.”

ஆறுமுகநயினார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பேருந்துகளின் இரைச்சல் உள்ளே வந்து போக ஒரு ஜன்னல். வெளியே பலகை: ‘செண்பகம் பெயர் திருத்தகம். கார்டு கிடைக்க வழி செய்யப்படும். நேரில் வரவும்.’ முப்பது வருடமாக ஊருக்கே துணி கொடுத்தவர் அந்தப் பலகையைப் பார்த்து மாடியேறி வருவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் கார்டு இல்லாதவர் அந்த வருடங்களில் பாதி மனிதர். கார்டு இல்லாவிட்டால் பேருந்தின் கதவு திறக்காது, வாடகைக்கு வீடு கிடையாது, மருத்துவமனையில் கட்டில் கிடையாது. இந்த வருடம் நகராட்சியும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது. ஆடி மாதம் முடிவதற்குள் கார்டு காட்டாத கடைக்காரரின் ஷட்டர் வேறொருவருக்குப் போய்விடும்.

அவர் வங்கியில் கார்டுக்கு மூன்று முறை விண்ணப்பித்திருந்தார். மூன்று முறையும் நாலு எண்ணி முடிப்பதற்குள் இல்லை என்று வந்துவிட்டது. சம்பளத்தைப் பார்ப்பான், சொத்தைப் பார்ப்பான், அதெல்லாம் கேள்விப்பட்டதுதான். அடுத்தவன் போனில் நம்மை என்ன பெயரில் வைத்திருக்கிறான் என்றா ஒரு வங்கி பார்க்கும் என்று அவர் கேட்டார். கேட்ட தோரணையில், அந்த வங்கியை உண்டாக்கியதே செண்பகவல்லி என்பது போல இருந்தது.

“வங்கி பாக்கறதில்ல. ‘நம்பகம்’னு ஒரு கம்பெனி பாத்துச் சொல்லுது. சொத்துன்னா ஜனங்க பொய் சொல்லுவாங்க அண்ணாச்சி. சம்பளம்னா பொய் சொல்லுவாங்க. ஆனா தன் போன்ல தனக்குன்னு வச்சுக்கற பேருல யாரும் பொய் சொல்லுறதில்ல. அது வேற யாரு கண்ணுக்கும் படாதுன்னு நினைக்காங்க.”

“கூட்டாளிப் பயலுவ ‘எருமை’, ‘நாயி’ன்னெல்லாம் வச்சிருப்பானுவளே?”

“அதையும் பிரிச்சுப் பாத்துக்கும். ‘எருமை’ன்னு வச்சு அரை மணி நேரம் பேசினா அது பாசம். ‘ஐயா’ன்னு வச்சுட்டு எடுக்காம விட்டா அது பயம். உங்க பேரு இருக்கறது இருநூத்திப் பதினாலு போன்ல. குடும்பம் சேராது. மதிப்பு முப்பத்தொண்ணு. அம்பது வந்தாத்தான் கார்டு.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஊரெல்லாம், யார் யாருடைய சட்டைப்பையிலோ, யார் யாருடைய இடுப்பிலோ நம் பெயர் ஒளிந்துகிடக்கிறது. எந்த முகத்தோடு கிடக்கிறது என்பது நமக்குத் தெரியாது. முதல் முறை வருகிற எல்லோரும் இந்த இடத்தில் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள்.

“முசுடை எடுத்துட முடியுமா?”

“முசுடு, கஞ்சன், கத்தல், இதெல்லாம் மாத்தின அன்னிக்கே போயிடும். மாத்தினாலும் போகாத பேரு ஒண்ணுதான்.”

“என்னது?”

“வேலைக்கு வச்சவர் வேலை பாத்தவங்களுக்குத் ‘திருடன்’னு போட்டு வைக்கற பேரு. அதை அழிச்சாலும் நம்பகம் மறக்காது.”

“அப்ப அது எப்பத்தான் போகும்?”

“வச்சவர் காலமானாப் போகும். செத்தவர் வச்ச பேருக்கு மதிப்பு இல்ல.”

அவர் சிரித்தார். நல்ல வேளை, நமக்கு அந்தப் பேரு எவனும் வைக்கலை என்றார். பிறகு, சரி உன் நம்பரைச் சொல்லு என்று போனை எடுத்தார். அவள் சொன்னாள். ஆறாவது எண்ணை அவர் அழுத்தியதும் போன் தானாகவே மிச்சத்தைக் கண்டுபிடித்து, பெரிய எழுத்தில் காட்டியது. திருடி பில்லிங்.

அவருடைய உள்ளங்கை திரையின் மேல் போய்ப் படிந்தது. மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகப் பார்த்தாலும் அவளால் அதை வாசிக்க முடிந்தது. அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியை எங்கே வைத்தோம் என்று யோசிக்கிற முகம். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

“நீ நம்ம கடையில இருந்த புள்ளதான?”

“ஆமா அண்ணாச்சி.”

“அதான பாத்தேன், எங்கயோ பாத்த முகமா இருக்கேன்னு. இது ஏதோ பழசு. மாத்திடுதேன்.”

“வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.”

மாற்றினாலும் போகாது என்று இப்போதுதான் சொன்னாள். அது தனக்குச் சொன்னது என்று அவருக்குத் தோன்றவேயில்லை. இறங்கிப் போகும்போது, நம்ம கடைப் புள்ள, நல்லா வந்துட்ட, என்று மனதாரச் சொல்லிவிட்டுப் போனார்.

பதினொரு வருடத்துக்கு முன்னால், தீபாவளிக்கு முந்தின வாரம், நயினார் ஜவுளியில் பட்டுச்சேலைக் கட்டு ஒன்று காணாமல் போனது. கடைசியாக அதற்குச் சீட்டுப் போட்டவள், பில்லிங் மேசையில் இருந்த செண்பகவல்லி. விசாரணை என்று ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அவளை வெளியே அனுப்பினார். சாப்பாட்டுக்குப் பிறகு கடையிலிருந்த எல்லோரையும் நிற்க வைத்து, அவள் கூப்பிட்டால் தவறிக்கூட எடுக்காதபடி, அவரவர் போனில் அவள் பெயரை மாற்றச் சொன்னார். அவரே சொல்லிக் கொடுத்தார். முப்பத்தெட்டுப் போன்களில், எழுத்துப் பிசகாமல், திருடி பில்லிங்.

மூன்று வாரம் கழித்துக் கட்டு கிடைத்துவிட்டது. அவருடைய தங்கை மகன் சங்கரன்கோவிலில் விற்கப் பார்த்திருக்கிறான். குடும்ப விஷயம் என்று அதைச் சத்தமில்லாமல் மூடிவிட்டார்கள். கேள்விப்பட்ட செண்பகவல்லி கடைக்குப் போனாள். வேலை கேட்கவில்லை, பெயரை மட்டும் மாற்றச் சொல்லிக் கேட்டாள். மூன்று நாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றாள். மூன்றாம் நாள் அவர் கல்லாவிலிருந்து எழாமலே சொன்னார்: “போன்ல கிடக்கற பேருதானம்மா. அதை யாரு பாக்கப் போறா?”

நாலு வருடம் கழித்து நம்பகம் வந்தது. அதுதான் பார்த்தது.

அவளுக்குக் கார்டு கிடைக்கவில்லை. அதை அவள் தாங்கிக்கொண்டாள். வாடகை வீடு இல்லாமல், கடையில் கூட வேலை பார்த்த உலகம்மாள் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறையில் இருந்தாள். பேருந்து ஏற முடியாததால், ஊருக்குள் எல்லா இடமும் நடை. நடந்து நடந்தே தன் பெயரை எப்படிக் கழுவுவது என்று படித்தாள். தன்னுடையது கழுவ முடியாதது என்று தெரிந்தபோது, மற்றவர்களுடையதைக் கழுவுகிற தொழில் அவள் கைக்கு வந்துவிட்டிருந்தது. ஆறு வருடத்தில் ஆயிரத்துக்கும் மேலானவர்களுக்குக் கார்டு வாங்கிக் கொடுத்தாள். அதையெல்லாம் அவளால் தாங்க முடிந்தது.

தாங்க முடியாதது, மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே பேருந்து நிலையத்தில் நடந்தது. மகள் சுடர்க்கொடிக்குக் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. விடுதியில் சேர அவள் பெயரில் கார்டு வேண்டும். திருடி என்று பெயரெடுத்த ஒருவரை ‘அம்மா’ என்று வைத்திருக்கிற போனுக்கு மதிப்பு ஏறாது. எப்படி என்று செண்பகவல்லிதான் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவளுடைய தொழிலே அதுதானே. பெயரை அழி, நம்பரை அழி, இனி இந்தப் போனிலிருந்து என்னைக் கூப்பிடாதே. சுடர்க்கொடி அழுதுகொண்டே அழித்தாள். பேருந்தின் கதவு அவளுக்குத் திறந்தது, அவளை ஏற்றிக்கொண்டு மூடியது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, விடுதிக்கு வெளியே ஒரு கேன்டீன்காரரின் போனிலிருந்து அழைப்பு வரும். பின்னால் யாராவது வடை கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஏழு நிமிடம். பிறகு கேன்டீன்காரர் போனைத் திருப்பி வாங்கிக்கொள்வார்.

பெயர் திருத்துகிற தொழிலில் ஒரு முறை உண்டு. அவசரப்படக் கூடாது. வாரத்துக்குப் பத்துப் போன், நாலைந்து மாதம். எல்லாரையும் மாற்றவும் கூடாது. ஐந்தில் ஒரு போனில் ஏதாவது ஒரு திட்டை விட்டுவைக்க வேண்டும். ஊரே ஒருமனதாகப் புகழ்கிற மனிதன் உயிரோடு இருக்க முடியாது என்பது நம்பகத்துக்குத் தெரியும்.

அது அவளுக்கு ஒரு தலைமையாசிரியரால் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், எட்டயபுரத்தில், அவருக்குப் பாராட்டு விழா என்று பழைய மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து, போனிலிருந்த ‘பிரம்பு’, ‘சிடுமூஞ்சி’ எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ‘ஐயா’ என்றும் ‘ஆசான்’ என்றும் மாற்றினார்கள். அந்த வாரம் பார்த்து அவர் கண் அறுவை செய்துகொண்டு போனை அணைத்து வைத்திருந்தார். எட்டாம் நாள் அவர் இறந்துவிட்டதாக நம்பகம் பதிந்துகொண்டது. ஏனென்றால் நம் ஊரில் அப்படித்தான் நடக்கும். ஒருவர் கண்ணை மூடிய செய்தி வந்ததும், அவர் பெயரைப் போனில் தேடி, அதில் கிடக்கிற கேலியை அழித்துவிட்டு, ஒரு நல்ல வார்த்தையைப் போட்டு வைக்கிறோம். இனிமேல் அந்த நம்பரிலிருந்து அழைப்பு வராது என்று தெரிந்தும் போட்டு வைக்கிறோம். கோடிப் போன்களில் இதைப் பார்த்துப் பார்த்து நம்பகம் கற்றுக்கொண்டிருந்தது. தலைமையாசிரியரைத் திரும்ப உயிர்ப்பிக்க அவளுக்குப் பதினொரு நாள் ஆயிற்று. அந்தப் பதினொரு நாளுக்குள், அவரால் ‘திருடன் வாட்ச்மேன்’ என்று வைக்கப்பட்டிருந்த ஒருவனுக்குக் கார்டு வந்துவிட்டது. பிறகு அவர் திரும்பி வந்தார், வாட்ச்மேனின் கார்டு திரும்பிப் போனது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருடம், நல்ல பட்டை மடித்து வைப்பது போல, மனதின் அடியில் மடித்து வைத்திருந்தாள்.

நயினாரை அவள் குற்றாலத்துக்குப் போகச் சொன்னாள். சாரல் நன்றாக இருக்கிறது, வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாரம் இருங்கள், போனில் யாரையும் கூப்பிடாதீர்கள், யார் கூப்பிட்டாலும் எடுக்காதீர்கள். நீங்கள் ஒரு அதட்டல் போட்டால் நான் மாற்றிய பேரு மறுபடி முசுடாகிவிடும் என்றாள். அது நியாயமாகப் பட்டது அவருக்கு. கடையை ஒரு வாரம் பூட்டிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வாரமும் செண்பகவல்லி நடந்தாள். கடையில் இருக்கிறவர்கள், இருந்தவர்கள், தையல்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள், சரக்கு அனுப்புகிற எட்டயபுரத்துக்காரர்கள். எவரிடமும் பொய் சொல்லவில்லை. நயினார் அண்ணாச்சி குத்தாலத்துல இருக்காரு, போனை எடுக்கற நிலையில இல்ல, அவருக்கு நல்ல வார்த்தையா ஒண்ணு போட்டு வைங்க, என்பாள். அவ்வளவுதான். மிச்சத்தை அவர்களே நினைத்துக்கொண்டார்கள். சிலர், ஐயோ என்னாச்சு என்றார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். போனஸ் தராதவர் பெரியவர் ஆனார். கத்தல் வள்ளல் ஆனார். எடுக்காதே என்று வைத்திருந்த ஒருவர், ஆயிரம் சொன்னாலும் தொழில்ல கெட்டிக்காரர் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே, ‘எங்கள் அண்ணாச்சி’ என்று எழுதினார். அந்தப் பெருமூச்சை அவள் ரசித்தாள். அப்படி ரசிப்பதற்கு வெட்கப்படவும் இல்லை.

உலகம்மாளிடம் கடைசியில்தான் போனாள். பில்லிங்கில் ஒரு காலத்தில் பக்கத்து நாற்காலி. இப்போது வீட்டில் ரவிக்கை தைக்கிறாள். முப்பத்தெட்டுப் பேரில், அன்று சாயங்காலமே பெயரைத் திரும்ப மாற்றியவள் அவள் ஒருத்திதான். ‘பேய்’ அவளுடையது.

“உனக்கு அந்தாளு செஞ்சதுக்கு, நீயே வந்து அவருக்கு நல்ல பேரு கேக்கியா?” தையல் இயந்திரம் நிற்கவில்லை. “சோறுதான திங்க?”

“நல்ல பேராப் போடுக்கா.”

“எம்புட்டு நல்ல பேரு?”

“போஸ்டர்ல போடுற மாதிரி.”

“எந்தப் போஸ்டர்ல?”

செண்பகவல்லி ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே, எதிர்ச் சுவரில், கண்ணீர் அஞ்சலி என்று போட்டு மாலை படம் அச்சடித்த ஒரு தாள் மழையில் பாதி உரிந்து தொங்கியது. உலகம்மாள் அதைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். இயந்திரம் நின்றது. பிறகு வாயில் வைத்திருந்த ஊசியை எடுத்துச் சேலையில் குத்திவிட்டு, அவள் வெகு நாளாகச் சிரிக்காத சிரிப்பு ஒன்றைச் சிரித்தாள். போனை எடுத்து, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். மனிதருள் மாணிக்கம்.

“போதுமாட்டி?”

“போதும்க்கா.”

எட்டாம் நாள் காலையில், குற்றாலத்தில் ஒரு விடுதி அறையில், நயினாரின் மனைவிக்கு ஒரு செய்தி வந்தது. தங்கள் கணவரின் மறைவுக்கு நம்பகத்தின் ஆழ்ந்த இரங்கல். கடைசி அழைப்பிலிருந்து பதினாறாம் நாள் இந்த எண் விடுவிக்கப்படும். அவர் அப்போது அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் நின்று அருவியில் நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். ஊர் திரும்புவதற்குள் கடை ஷட்டரில் நகராட்சியின் தாள் ஒட்டப்பட்டிருந்தது. அதிலும் இரங்கல் இருந்தது.

அதே எட்டாம் நாள் காலையில், பதினொரு வருடக் கறை செண்பகவல்லியின் மேலிருந்து கழன்று விழுந்தது. அவளுடைய முப்பத்தெட்டுப் பெயர்களில், மாற்றினாலும் போகாதது நயினார் வைத்த ஒன்றுதான். திரையில் அது இருந்த இடத்தில் வெறும் கோடு. மற்றவை ஏற்கெனவே அவள் நடந்து நடந்து மாற்றியவை. பத்து நிமிடம் கழித்து விண்ணப்பித்தாள். நாலு எண்ணுவதற்குள் கார்டு வந்துவிட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. மணி பதினொன்றும் இல்லை. சாயங்காலம் அவள் போனில், கேன்டீன் என்றில்லாமல், சுடர் என்று வந்தது. பின்னால் யாரும் வடை கேட்கவில்லை. மகள் நிறையப் பேசுவாள் என்று நினைத்திருந்தாள். ஆனால் சுடர்க்கொடி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“போட்டுட்டேம்மா.”

என்ன போட்டாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏழு நிமிடம் தாண்டியது, இருபது நிமிடம் தாண்டியது, யாரும் போனைத் திருப்பிக் கேட்கவில்லை. மறுநாள் செண்பகவல்லி பேருந்தில் ஏறினாள். போக வேண்டிய இடம் ஒன்றுமில்லை. கதவு திறக்கிறதா என்று பார்க்க ஏறினாள். கயத்தாறு வரை போய்த் திரும்பினாள்.

பதினைந்தாம் நாள் மத்தியானம், மாடிப்படியில் ஒரு செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தது. சத்தத்திலிருந்தே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

நயினார் சவரம் செய்திருக்கவில்லை. அவருடைய வெள்ளைச் சட்டை கசங்கி, வேறு யாருடையதோ போலிருந்தது. உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார். நேற்று மதுரைக்குப் போய்வந்தாராம். பேருந்து ஏற்றாததால் லாரியில். நம்பகத்தின் அலுவலகத்தில் ஒரு பெண் அவரிடம் மிகவும் மரியாதையாகப் பேசியிருக்கிறாள், ஆனால் அவரிடம் என்று இல்லை, அவரைப் பற்றி. காலமானவர் என்றே கடைசி வரை சொன்னாளாம். நேரில் நிற்கிறேனே என்றால், முகத்தை எவரும் செய்துகொண்டு வரலாம், போனில்தான் பார்க்க முடியும் என்றாளாம். இங்கே ஊரில், தெரிந்தவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், ஒரு தடவை கூப்பிட்டுப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்படுகிறார்கள், காபி கொடுக்கிறார்கள், கூப்பிட மாட்டேன் என்கிறார்கள். செத்தவர் நம்பரைக் கூப்பிட்டால் கூப்பிடுகிறவரின் மதிப்பும் விழும். தெருவில் ஒரு குழந்தை அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடியதாம்.

“நீ வேணும்னுதான் செஞ்ச.”

“ஆமா அண்ணாச்சி.”

அவர் அதற்குக் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“நேத்து லாரியில வரும்போது என் போனைப் பாத்தேன். செத்தவன் போன்ல வேற எதுவும் வேலை செய்யல, பேருங்க மட்டும் இருந்துச்சு. முதல்லேருந்து கடைசி வரை பாத்தேன். உன் பேரு கிட்ட வந்து நின்னுட்டேன்.” அவர் உள்ளங்கையைத் திருப்பி வைத்து அதையே பார்த்தார். “தங்கச்சி மகன் எடுத்தான்னு தெரிஞ்ச அன்னிக்கே மாத்தியிருக்கலாம். தோணல. சத்தியமாத் தோணல.”

“நான் மூணு நாள் வந்து சொன்னேன் அண்ணாச்சி.”

“ஆமா.”

“யாரு பாக்கப் போறான்னு கேட்டீங்க.”

“ஆமா.”

கீழே திருநெல்வேலி வண்டி ஒன்று வந்து நின்று, கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் முடியும் வரை அவர் காத்திருந்தார். பிறகு மதுரைப் பெண் கடைசியாகச் சொன்னதைச் சொன்னார். குடும்பத்தார் கூப்பிட்டால் செல்லாது. பென்ஷனுக்காகச் சாவை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பழைய பெயர் மாறாத போன் ஒன்றிலிருந்து அழைப்பு வந்து, இரண்டு நிமிடம் பேசினால், உயிரோடிருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். நாளைக்குப் பதினாறாம் நாள். நாளைக்கு நம்பரை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கூப்பிட ஆள் இருந்தாலும் நம்பர் இருக்காது.

“இருநூத்திப் பதினாலுல இருநூத்திப் பதிமூணு மாறிட்டாம். ஒண்ணு மட்டும் மாறலையாம். யாருன்னு சொல்ல மாட்டேன்னுட்டா. என்ன பேருன்னு மட்டும் சொன்னா.”

செண்பகவல்லி குனிந்து பார்த்தாள். அவளுடைய போன் மேசை மேல், இருவருக்கும் நடுவில் கிடந்தது.

“நீ விளாத்திகுளத்துலேருந்து புதுசா வந்தப்ப, நம்மள அண்ணாச்சின்னு கூப்பிடத் தெரியாது உனக்கு. முதலாளி, முதலாளிம்ப. கடையே சிரிக்கும். நான்தான் சொன்னேன், கூப்பிட்டுட்டுப் போறா, விடுங்கன்னு.”

அது உண்மைதான். முதல் நாள் அவர் கொடுத்த நம்பரை அந்தப் பெயரில்தான் வைத்தாள். அவர் அவளை வெளியே அனுப்பிய நாளில் அதை மாற்ற உட்கார்ந்தாள். தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எதுவும் போதவில்லை. அழித்து அழித்து, கடைசியில் பழையதையே விட்டுவிட்டாள். குற்றால வாரத்தில், இருநூற்றுப் பதின்மூன்று போன்களை நடந்து நடந்து மாற்றியவளுக்குத் தன் போன் நினைவுக்கு வரவில்லை. நினைவு வந்தது ஒன்பதாம் நாள். மாற்றியிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். மாற்றுவதற்கு ஆறு நாள் இருந்தது.

அவள் மெதுவாகச் சொன்னாள்: “நீங்க திரும்பி வந்தா, நீங்க வச்ச பேரும் திரும்பி வரும்.”

“மாத்திடுதேன்.”

“மாத்தினாலும் போகாது. அன்னிக்கே சொன்னேன். நீங்க சிரிச்சீங்க.”

அன்றைக்கு அந்த மேசையில் சொல்லப்பட்டதெல்லாம் இப்போதுதான் அவருக்குள் ஒவ்வொரு படியாக ஏறி வருவது அவளுக்குத் தெரிந்தது. பதினொரு வருடம் அவள் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. ஆசைப்பட்டபடியே இருந்தது. பார்த்து முடித்த பிறகும் அது எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. அதுதான் அவள் யோசித்துப் பார்த்திராதது.

மேசை மேல் போன் நடுங்கியது. திரையில் சுடர் என்று வந்தது. நர்சிங் விடுதியில் மத்தியான இடைவேளை. இந்த ஒரு வாரமாக எல்லா நாளும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுகிறாள். சாப்பிட்டாயா என்று கேட்பதற்குத்தான். நடுக்கத்தில் போன் மரத்தின் மேல் அரை விரல் நகர்ந்து, அவர் பக்கமாகப் போய் நின்றது.

நயினார் அந்தப் பெயரைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. அடித்து ஓயட்டும் என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு, புள்ள என்றும் இல்லாமல், ஏம்மா என்றும் இல்லாமல், கடையில் அவள் இருந்த நாலு வருடத்தில் ஒரு முறைகூட அவர் சொல்லியிராத பெயரைச் சொன்னார்.

“செண்பகவல்லி. அந்தப் புள்ளகிட்டப் பேசி முடிச்சிட்டு, என்னையும் ஒரு தடவை கூப்பிடேன்.”